உள்ளே ஐ7, வெளியே 32 பாகை

"மச்சான், ஐ9 எடுக்கட்டா, ஐ7 காணுமா?" கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவில் நின்றுகொண்டு நண்பன் போனில் கேட்ட கேள்வி இது. லெப்டொப்புக்குள் இருக்கும் இன்டெல் புரொசஸரைத்தான் சொல்கிறான். ஐ7-13850எச்எக்ஸ் (எச்எக்ஸ் என்றால் லெப்டொப்புக்கான அதிசக்தி வகை) போட்ட, கனமான வேலைக்கான வேர்க்ஸ்டேஷன் லெப்டொப் ஒன்றை நெடுநாளாகப் பாவிக்கிறேன். போன கிழமைதான் அதைக் கழற்றித் துப்புரவாக்கினேன். பதில்: ஐ7 காணும். மிச்சமெல்லாம் எரிச்சல்.

அவன் பார்த்தது ஐ9-13950எச்எக்ஸ். கோர் என்பது புரொசஸருக்குள் கணக்குப் போடும் அலகு. பெரிய கோர் இரண்டிலும் 8. சின்னக் கோர் அதில் 16, இதில் 12. உச்ச வேகம் 5.5, 5.3 கிகாஹேர்ட்ஸ். ரெவிட், ஓட்டோகேட் என்ற வரைபட மென்பொருள்கள் இரண்டும் வரைபடத்தைத் திருத்தும் வேலையை அநேகமாக ஒரே கோரில்தான் செய்யும், அங்கே வித்தியாசம் 4 வீதம்கூட வராது. வரைந்ததை நிஜம்போன்ற படமாக்கும் ரெண்டர் போடுகிறவனுக்கு அந்த நாலு சின்னக் கோரும் உதவும், கூலர் விட்டால்.

கூலர் விடாது, சிக்கலே அதுதான். இரண்டுக்கும் அடிப்படை 55 வொட், உச்சம் 157 வொட் என்றுதான் இன்டெல் சொல்கிறது. அந்த 157 கொஞ்ச நேரக் கூத்து. அதற்குப் பிறகு செம்புக் குழாயும் ஃபேனும் எவ்வளவு சூட்டை வெளியே தள்ளுமோ அவ்வளவு வொட்தான் புரொசஸருக்குக் கிடைக்கும். சிப்பின் எல்லை 100 பாகை. அறை 25 பாகையில் இருந்தால் இடைவெளி 75. வெள்ளவத்தையில் ஏசி இல்லாத அறையில் மத்தியானம் 32, அப்போது இடைவெளி 68. ஏசி அறையில் 80 வொட் தாங்கும் கூலர் இங்கே 72, 73 வொட்டிலேயே மூச்சு வாங்கும். கிராபிக்ஸ் கார்டும் அதே குழாயில் தொங்கினால் இன்னும் கீழே. ஐ9க்குக் கொடுக்கும் மேலதிகக் காசு இந்த இடத்தில்தான் ஆவியாகிறது.

ஆனால் என்னை வதைப்பது ரெண்டர் அல்ல. ஒரு கோப்பைத் திறக்கக் கிளிக் பண்ணினால் போதும்: ஒரு கோர் 5.3க்குப் பாயும், அதற்கென்று வோல்டேஜ் ஏறும், இரண்டு விநாடியில் சூடு தொண்ணூறைத் தாண்டும், ஃபேன் அலறும். ஐந்து விநாடியில் அடங்கும். அடுத்த கிளிக்கில் திரும்ப அலறும். விண்டோஸில் புரொசஸரின் உச்ச நிலையை 99 வீதமாக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். செய்யாதே. தேவைப்படும்போது வேகத்தை ஏற்றும் டர்போ முழுதாகவே செத்துப்போய் வேகம் 2 கிகாஹேர்ட்ஸ் சொச்சத்துக்கு விழுந்துவிடும். த்ரொட்டில்ஸ்டொப் என்ற மென்பொருளில் டர்போ விகிதத்தை 53இலிருந்து (அதாவது 5.3 கிகாஹேர்ட்ஸ்) 45க்குக் கொண்டுவா. வேகம் கொஞ்சம் குறையும், அலறல் பெருமளவு குறையும். வோல்டேஜைக் குறைக்கலாமே என்று கேட்பாய். 2019இல், வோல்டேஜைக் குறைத்துச் சிப்பைத் தாக்கும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு அநேக வேர்க்ஸ்டேஷன்களில் அந்த வழியைக் கணினியின் அடிப்படை மென்பொருளான பயோஸிலேயே பூட்டிவிட்டார்கள்.

இனி, கழற்றிய கதை. ஒரு கோர் 100ஐத் தொடும்போது பக்கத்துக் கோர் 80இல் நின்றால், சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசிய வெப்பப் பேஸ்டைச் சந்தேகி. சூடாகிக் குளிரும் ஒவ்வொரு தரமும் அது ஓரத்துக்குப் பிதுங்கி, நடுச் சிப்பு வெறுமையாகிவிடும். திறந்து பார்த்தபோது அப்படியேதான் இருந்தது. ஃபேனுக்குப் பின்னால் தூசியும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலம் வேறு. முதலில் பற்றரி வயரைக் கழற்று. கூலரின் திருகாணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று பொறித்திருக்கும்: பூட்டும்போது அந்த வரிசை, கழற்றும்போது தலைகீழ். காற்றடிக்கும்போது ஃபேன் இலையை விரலால் பிடித்துக்கொள், சுழலவிட்டால் பெயாரிங் போகும். திரும்பப் பேஸ்ட் பூசாமல் ஹனிவெல்லின் பிடிஎம்7950 என்ற வெப்பம் கடத்தும் தாளை வெட்டி ஒட்டு. அது 45 பாகையளவில் இளகிப் படியும், பேஸ்ட் மாதிரி எளிதில் பிதுங்காது. பாதுகாப்புப் படலம் உரிய மறுத்தால் பத்து நிமிடம் ஃபிரிஜ்ஜின் ஐஸ் தட்டில் வை.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்றும் உண்டு. கல்யாண வீடியோக்காரர்களின் கமெராக்கள் தரும், நிறத்தை நுணுக்கமாகப் பதியும் 4:2:2, 10 பிட் எச்.265 கோப்புகள் பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் வெண்ணெய் மாதிரி ஓடுகின்றன. அந்த வேலையைச் செய்வது விலை கூடிய என்விடியா கிராபிக்ஸ் கார்ட் அல்ல, புரொசஸருக்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸ். என்விடியாவுக்கு அது கைவந்தது ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான். ஏஎம்டியின் போட்டிப் புரொசஸரான ரைசன் 9 7945எச்எக்ஸ் கணக்கு வேலையில் சூரன் என்றாலும் இதற்கு வழியில்லை. ஆனால் பயோஸில் தனி கிராபிக்ஸ் மட்டும் என்று போட்டுவிடாதே. இன்டெல் கிராபிக்ஸ் அணைந்து, வீடியோ இழுத்து இழுத்து ஓடும்.

நாலு ரேம் துளையையும் நிரப்பினால் 5600 வேகத்தில் ஓடும் நினைவகம் 4000க்கோ அதற்கும் கீழோ இறங்கும். இரண்டு பெரிய துண்டாகவே வாங்கு.

நியாயமாகப் பார்த்தால் குற்றம் புரொசஸரில் இல்லை, இப்போது குறை சொல்லவும் ஒன்றுமில்லை. ஆனாலும் திரும்ப எச்எக்ஸ் வாங்கமாட்டேன். அந்தச் சத்தத்தை இனிக் காது தாங்காது. 45 வொட் அடிப்படை கொண்ட எச் வகையே எனக்குக் காணும். வீடியோவும் ரெண்டரும்தான் உன் பிழைப்பு என்றால் நீ இதையே எடு. எடுக்குமுன் கடையிலேயே புரொசஸரைச் சோதிக்கும் சினிபெஞ்ச் ஆர்23ஐப் பத்து நிமிடம் ஓட்டச் சொல்லு. முதல் நிமிடத்து வொட்டைப் பார்த்து மயங்காதே, பத்தாவது நிமிடத்து வொட்டைக் குறித்துக்கொள். கடையில் ஏசி ஓடும், அதனால் அதிலும் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடு.