பயிற்சி டாக்டர்கள் பார்க்கும் வார்டு: நம்பிச் சேர்க்கலாமா?

கிருஷ்ணகிரியில் குடும்ப மருத்துவப் பயிற்சி நடக்கும் ஒரு தனியார் மருத்துவமனையின் பொது வார்டு பற்றிய விமர்சனம் இது. "பெரிய டாக்டர் வரமாட்டாரா, படிக்கிற பிள்ளைங்கதான் பார்ப்பாங்களா?" என்று தயங்குபவர்களுக்கு முதலில் ஒன்று: அவர்கள் எம்பிபிஎஸ் முடித்த டாக்டர்கள். அதற்குமேல் படிக்கும் டிஎன்பி குடும்ப மருத்துவம் 3 ஆண்டு மேல்படிப்பு. பொது மருத்துவம், குழந்தைகள், பிரசவம், அறுவை எல்லா வார்டிலும் வேலை செய்தாக வேண்டும். சீனியரும் தினம் ரவுண்ட்ஸ் வருகிறார்.

இந்த வார்டின் பலம் அட்மிஷனில் தெரிகிறது. மஞ்சப்பையோடு வரும் பெரியவரின் மாத்திரைகளை மேசையில் கொட்டி, ஒவ்வொரு அட்டையையும் திருப்பி உள்ளிருக்கும் மருந்தின் பெயரைப் படிக்கிறார்கள். வெவ்வேறு கம்பெனிப் பெயரில் இரண்டு அட்டை, இரண்டிலும் சர்க்கரையைக் குறைக்கும் அதே கிளிமிபிரைடு. அரசு மருத்துவமனையில் ஒன்று, தெருமுனை மெடிக்கலில் ஒன்று. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி மயங்கி வருபவர்கள் பலரின் கதை இதுதான். குளுக்கோஸ் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவார், வீட்டாரும் கிளம்பப் பார்ப்பார்கள். இங்கே விடுவதில்லை. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அந்த மாத்திரை உடம்பில் தங்கி, சர்க்கரையை மறுபடி இறக்கும். அதனால் ஒரு நாளாவது வைத்து, அடிக்கடி குத்திப் பார்க்கிறார்கள். கெடுபிடி மாதிரித் தெரியும், ஆனால் சரியான வேலை.

பாம்புக்கடியிலும் வேலை சுத்தம். விஷம் ரத்தம் உறைவதைக் கெடுத்திருக்கிறதா என்று முதலில் சோதிக்கிறார்கள். 2 மில்லி ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆட்டாமல் வைத்து, பிறகு ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து. பிளாஸ்டிக் குழாயோ, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ என்றால் நல்ல ரத்தமும் உறையாது, முடிவு தப்பாகிவிடும். மருந்து ஏற்றிய பின் 6 மணி நேரம் கழித்தே மறுபரிசோதனை, ஏனென்றால் உறைய வைக்கும் பொருளைக் கல்லீரல் திரும்பச் சுரக்க அவ்வளவு நேரமாகும். கட்டுவிரியன் கடியில் ரத்தம் சாதாரணமாகவே உறையும் என்பதால் இமை தொங்குகிறதா, மூச்சு திணறுகிறதா என்று தனியாகப் பார்க்கிறார்கள். ரத்தம் உறைந்துவிட்டது என்பதற்காக உடனே வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை.

குறை இரவில். டியூட்டி மாறும்போது கேஸ் ஷீட்டில் "சர்க்கரை பார்க்கவும்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு இருந்தால் என்ன செய்வது என்று இல்லை. வருபவர் முதல் வருடப் பயிற்சியாளர் என்றால் சீனியருக்குப் போன் போட யோசிக்கிறார், அதில் நேரம் போகிறது. இன்சுலின் போட்டு அரை மணிக்குள் வரவேண்டிய சாப்பாடு கேன்டீனில் தாமதமாவதும் உண்டு. தட்டு கைக்கு வந்தபின் ஊசி போடச் சொல்லி சிஸ்டரிடம் கேட்பது நல்லது. மருந்து ஏற்றக் கை நரம்பில் செருகிய சிறு குழாயை (கானுலா) சுற்றிச் சிவந்து வலித்தால் ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் நிறுத்திய மருந்துகளுக்குத் தனி வரி இருக்கிறது. காரணமும் எழுதுகிறார்கள். பெரிய மருத்துவமனைகளிலேயே இது அபூர்வம். ஆனால் தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான். 2021 ஆகஸ்டில் இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குபவர்கள், அந்த வரியைத் தமிழில் எழுதி வாங்கி, மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம் காட்டுங்கள். இல்லாவிட்டால் நிறுத்திய மாத்திரை அடுத்த மாதம் திரும்ப வீட்டுக்கு வரும்.