கிணற்று நீரால் நோயா: தண்ணீரைச் சோதிப்பதா, வீடு வீடாகக் கேட்பதா?

ஒரே தெருவில் அடுத்தடுத்து நாலைந்து பேர் படுத்துவிட்டால், பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பத்தான் முதலில் தோன்றும். அனுப்பலாம். ஆனால் எதைத் தேடச் சொல்லி? ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) சோதனை, ஆர்சனிக் என்ற நச்சுப் பொருளைக் காட்டாது. ஆர்சனிக்குக்கு நிறமோ சுவையோ இல்லை; லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதன் பாதிப்பு தோலில் தெரியவே பல வருடங்கள் ஆகும். இன்று எடுத்த நீரோ இன்றைய நிலையை மட்டும்தான் சொல்லும்.

வீடு வீடாகக் கேட்பது மெதுவான வேலை. யாருக்கு, எப்போதிலிருந்து, எந்தக் கிணற்று நீர்? நோயில்லாதவர்களையும் இதே கேள்விகளைக் கேட்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். 1854-ல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அங்கிருந்த அடிபம்பு நீரை மருத்துவர் ஜான் ஸ்நோ எடுத்துப் பார்த்தார். முடிவுக்கு வரத் தயங்கும் அளவுக்கு அதில் அசுத்தம் குறைவாகவே தெரிந்தது. வழி காட்டியது விசாரணைதான். பக்கத்து மதுபான ஆலைத் தொழிலாளர்கள் தப்பியிருந்தார்கள்: அவர்கள் பீர் குடித்தார்கள், ஆலைக்குள் தனிக் கிணறும் இருந்தது.

கேட்பதிலும் சிக்கல் உண்டு. பயம் ஞாபகத்தை மாற்றும்; சில நேரம் நோய்கள் தற்செயலாகவும் ஒரே இடத்தில் கூடும்.

வாந்தி, பேதி என்றால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள். முடிவு வரும்வரை காய்ச்சிக் குடியுங்கள். தோல் மாற்றம், புற்றுநோய் என்றால் விசாரணையே முதலில். அங்கே காய்ச்சுவது உதவாது: ஆர்சனிக்கும், உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் கலக்கும் நைட்ரேட்டும் கொதிக்கக் கொதிக்கச் செறிவுதான் கூடும்.