விர்ச்சுவல் ஃபைட் கம்பெனி ஆரம்பிக்கிறீங்களா? எந்த காண்ட்ராக்ட் போட்டா கல்லா தாங்கும்னு ஒரு அலசல்

எம்எம்ஏ, அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த மிக்ஸ்ட் மார்ஷியல் ஆர்ட்ஸ் சண்டை, அந்த ஃபைட் கம்பெனியை நடத்துற மேனேஜ்மென்ட் கேம் ஆடுறவங்கள்ல பாதிப் பேர் முதல் வருஷத்துலயே திவாலாகி சேவ் ஃபைலை டெலீட் பண்றாங்க, கேட்டா "டிக்கெட் விக்கல, டிவி டீல் கிடைக்கல"ன்னு சொல்வாங்க, ஆனா உள்ள போய் ஃபைனான்ஸ் பேஜைப் பாத்தா ஃபைட்டர் சம்பளம்தான் முக்கால்வாசி தின்னிருக்கும். வேர்ல்ட் ஆஃப் மிக்ஸ்ட் மார்ஷியல் ஆர்ட்ஸ்னு (World of Mixed Martial Arts) கிரே டாக் காரங்க போட்ட டெக்ஸ்ட் கேம் இருக்கு, அது மாதிரி எதை ஆடினாலும் சரி, ஃபிரெண்ட்ஸ் சேந்து எக்செல் ஷீட்ல லீக் நடத்தினாலும் சரி, கதை ஒண்ணுதான். ஃபைட்டரோட உக்காந்து பேசறப்போ எத்தனை ஃபைட்டு, வந்தா எவ்வளவு, ஜெயிச்சா எவ்வளவு, நம்மகிட்ட மட்டும்தான் ஆடணுமா, இந்த நாலும்தான் பேச்சே.

நான் இதுல எதைப் பாக்குறேன்னா, தொகை பெருசா சின்னதாங்கிறதை விட, ஷோவே நடக்கலைன்னாலும் கொடுத்தே ஆகணுமாங்கிறதை. அந்தக் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா பாக்கலாம், நிஜத்துல அதே வழில போன கம்பெனிங்க என்ன ஆச்சுன்னும் பாக்கலாம், ஏன்னா இந்த ஃபீல்டுல நாம பண்ற எல்லா முட்டாள்தனத்தையும் யாரோ ஏற்கனவே கோடிக்கணக்குல பணம் போட்டு பண்ணிட்டாங்க.

கணக்குக்கு ஒரு கம்பெனி வெச்சுக்குவோம். கையில 5 லட்சம் டாலர். 2,000 சீட் ஹால், டிக்கெட் 40 டாலர், 1,500 பேர் வந்தா 60,000. ஹால் வாடகை, லைட்டு, டாக்டர், இன்ஷூரன்ஸ் எல்லாம் சேத்து 25,000 போயிடும். மிச்சம் 35,000. பத்து ஃபைட்டுக்கும் சேத்து இதுக்குள்ள சம்பளம் முடிஞ்சா தப்பிச்சீங்க.

பெரிய ஸ்டாரைத் தூக்குறது

எல்லாருக்கும் கை அரிக்கிறது இதுக்குத்தான். லிஸ்ட்ல முதல் பத்துல இருக்குற ஒருத்தன் காண்ட்ராக்ட் முடிஞ்சு சும்மா நிக்கிறான், அவனை வாங்கிப் போட்டா ஒரே நாள்ல நம்ம பேரு உலகம் பூரா தெரிஞ்சிடும்னு தோணும். அஃப்ளிக்‌ஷன்னு டி-ஷர்ட் கம்பெனி ஒண்ணு 2008 ஜூலைல கலிஃபோர்னியா அனாஹைம்ல இதைத்தான் பண்ணுச்சு. ஃபெடோர், ஆர்லோவ்ஸ்கி, ஜாஷ் பார்னெட், டிம் சில்வியான்னு ஹெவிவெயிட் கூட்டத்தையே இழுத்துட்டு வந்தாங்க, ஃபைட்டுக்கு லைசென்ஸ் தர்ற மாநில கமிஷன் வெளியிட்ட கணக்குப்படி மட்டுமே அன்னைக்கு ராத்திரி சம்பளம் 33 லட்சம் டாலர் பக்கம். அதுல சில்வியாவுக்கு 8 லட்சம். ஃபெடோர்கிட்ட 36 செகண்ட்ல சப்மிஷன் ஆனாரு, அதாவது பிடில மாட்டி தோல்வியை ஒத்துக்கிட்டாரு. செகண்டுக்கு 22,000 டாலருக்கு மேல, இதைவிட நல்ல வேலை இருக்கான்னு தெரியல.

ஆனா தொகையை விட மோசமான விஷயம் அடுத்த வருஷம் நடந்துச்சு. 2009 ஆகஸ்ட் 1க்கு மூணாவது ஷோ, ஃபெடோர் எதிர் பார்னெட். பத்து நாளைக்கு முன்ன பார்னெட் ஸ்டீராய்டு டெஸ்ட்ல மாட்டினாரு, கலிஃபோர்னியா கமிஷன் லைசென்ஸ் தரல, ஷோ கேன்சல், அதோட ஃபைட் நடத்துற வேலையையே இழுத்து மூடிட்டாங்க. மொத்த பாரமும் ஒரே ஃபைட்டு மேல, அந்த ஃபைட்டு ஒரே ஆளு மேல. எலீட்எக்ஸ்சிங்கிற ஃபைட் கம்பெனியும் இதே ரூட்டுதான், கிம்போ ஸ்லைஸ்ங்கிற ஒரு பேரை வெச்சு சிபிஎஸ் டிவி வரைக்கும் போனாங்க, 2008 அக்டோபர்ல எதிராளி கென் ஷாம்ராக் அன்னைக்கே அடிபட்டு விலக, மெயின் ஃபைட்டுக்கு முன்னாடி நடக்குற சின்ன ஃபைட்டுல இருந்த செத் பெட்ருசெல்லியை மாத்தி விட்டாங்க, அவரு 14 செகண்ட்ல கிம்போவை சாச்சுட்டாரு. கொஞ்ச நாள்ல கம்பெனியே இல்ல. அதுக்கு முன்னாடியே நஷ்டம் கழுத்து வரைக்கும் இருந்துச்சுங்கிறது உண்மைதான், ஆனா ஸ்டார் விழுந்தா தாங்குறதுக்கு வேற எதுவும் இல்லாம இருந்ததும் உண்மை.

நம்ம கணக்குல போட்டுப் பாருங்க. ஸ்டாருக்கு 1.5 லட்சம், அவனுக்கு ஈடா எதிராளிக்கு 40,000, கார்டுல, அதாவது அன்னைக்கு ஃபைட்டு லிஸ்ட்ல, மிச்சப் பேருக்கு 50,000, பெரிய ஹால் செலவு 80,000. மொத்தம் 3.2 லட்சம். 6,000 சீட்டும் 60 டாலருக்கு ஃபுல்லானா 3.6 லட்சம் வருது, லாபம் வெறும் 40,000. அறுபது சதவீதம்தான் வித்துச்சுன்னா 2.16 லட்சம், அதாவது ஒரே ராத்திரில 1.04 லட்சம் காலி, கையிருப்புல அஞ்சுல ஒரு பங்கு. எல்லாம் நல்லபடியா போனா 40,000, கொஞ்சம் சறுக்கினா லட்சத்துக்கு மேல. இதுக்கு யாராவது கையெழுத்து போடுவாங்களா? போடுறோமே.

மாசச் சம்பளம்

இது கேக்குறதுக்கு நல்லா இருக்கும், மனசாட்சிப்படியும் நியாயமா இருக்கும். ஐஎஃப்எல்னு 2006ல ஒரு லீக் வந்துச்சு, டீம் டீமா பிரிச்சு, ஒவ்வொரு டீமுக்கும் ரென்சோ கிரேசி, பாஸ் ரூட்டன், பேட் மிலெடிச் மாதிரி பெரிய ஆளுங்களை கோச்சா போட்டு, ஃபைட்டர்களுக்கு சம்பளம், ஹெல்த் இன்ஷூரன்ஸ் எல்லாம் கொடுத்தாங்க. ஃபைட்டர்ங்க பக்கம் நின்னு பாத்தா அந்த நேரத்துல அதைவிட மரியாதையான டீல் கம்மி. 2008 செப்டம்பர்ல திவால் மனு போட்டாங்க.

24 பேருக்கு மாசம் 2,000ன்னா 48,000. 1,500 பேர் வந்து ஷோ ஓடுற மாசத்துலயே சம்பளத்துக்குன்னு நிக்கிறது 35,000தான். ஷோ இல்லாத ரெண்டு மாசம் வந்துட்டா 96,000 சும்மா போயிடும், ஒரு டிக்கெட் கூட விக்காம. டிவி காசு மாசாமாசம் நிலையா வர்ற கம்பெனிக்கு வேணா இது சரி. புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு வேணாம், இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல.

வந்தா இவ்வளவு, ஜெயிச்சா இவ்வளவு எதிர் ஒரே ரேட்டு

இங்கதான் நெறைய பேர் குழம்புறாங்க, அதனால கொஞ்சம் நின்னு பேசுவோம். இந்த ஃபீல்டுலயே பெரிய கம்பெனியான யூஎஃப்சி முன்னாடி புது ஆளுக்குக் கொடுத்த மாதிரி, வந்து ஆடுறதுக்கு 10,000, ஜெயிச்சா இன்னொரு 10,000, இந்த ஸ்டைல் எல்லாருக்கும் தெரியும். கேம்ல இதைப் பாத்தவுடனே "அட, தோத்தவனுக்குப் பாதிதான், செலவு மிச்சம்"னு நெனச்சு எல்லாருக்கும் இதையே நீட்டுறோம்.

மிச்சம் எதுவும் இல்ல. ஒரு ஃபைட்டுல ரெண்டு பேரு, ஜெயிக்கிறது ஒருத்தன். ரெண்டு பேருக்கும் 1,000 கூட 1,000ன்னா ஃபைட்டுக்கு மொத்தம் 3,000. ரெண்டு பேருக்கும் ஒரே ரேட்டா 1,500 கொடுத்தாலும் அதே 3,000தான். டிரா ஆனா மட்டும் போனஸ் மிச்சமாகும், அது எப்பவோ ஒரு தடவை. ஆக சமமான ரெண்டு பேரை மோத விடுறப்போ ரெண்டு முறையும் ஒண்ணுதான், வித்தியாசம் யாரு பாக்கெட்டுக்குப் போகுதுங்கிறது மட்டும்.

வித்தியாசம் எப்ப வருதுன்னா, நாம வளத்து விடணும்னு நெனைக்கிற ஆளுக்கு லேசான எதிராளியைப் போடறப்போ. நம்ம பையனுக்கு 20,000 கூட ஜெயிச்சா 20,000ன்னு கையெழுத்தாயிருக்கு, பத்துக்கு ஒன்பது தடவை ஜெயிச்சிடுவான்னு தெரிஞ்ச ஃபைட்டு. சராசரி செலவு 38,000. அதே ஆளை ஒரே ரேட்டுல 30,000க்கு மடக்கியிருந்தா 8,000 மிச்சம், ஒவ்வொரு ஃபைட்டுக்கும். அவன் ஜெயிக்கணும்னு மேட்ச் போடறதும் நாமதான், ஜெயிச்சா போனஸ் கொடுக்கறதும் நாமதான், இதை யோசிக்காம சைன் பண்ணிட்டு அப்புறம் பட்ஜெட் எங்க ஓட்டைன்னு தேடுறோம். அதனால தூக்கி விடப்போற ஆளுக்கு ஒரே ரேட்டைக் கேட்டுப் பாருங்க, கார்டோட அடிமட்டத்துல சமமா மோதுற பசங்களுக்கு போனஸ் ஸ்டைல் போடுங்க. ஊர்ல எல்லாரும் பண்றது இதுக்கு நேர் தலைகீழ்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிடறேன், நிஜ வாழ்க்கைல பாதி சம்பளத்தை ஜெயிக்கிறதுல கட்டி வைக்கிறது ஃபைட்டருக்கு ரொம்ப அநியாயம்னுதான் எனக்குத் தோணும், ஜட்ஜ் ஒருத்தர் கண்ணு மூடி ஸ்கோர் போட்டா ரெண்டு மாச டிரெய்னிங் செலவு போச்சு. இங்க பேசறது கேம் கணக்கு.

டோர்னமென்ட் பரிசு

பிஎஃப்எல்ங்கிற லீக்கோட ஸ்டைல். 2018ல ஆறு வெயிட்ல சீசன் நடத்தி ஜெயிச்ச ஒவ்வொருத்தருக்கும் 10 லட்சம் டாலர் கொடுத்தாங்க, "மில்லியன் டாலர்"ங்கிறதே அவங்களுக்கு விளம்பரம். ஸ்டார் இல்லாத கம்பெனிக்கு இது ஒரு நல்ல தந்திரம், ஆளு பேரு தெரியலைன்னாலும் பரிசுத் தொகைக்காகப் பாப்பாங்க. அதுலயும் 2025ல பரிசை 5 லட்சமா பாதியாக்கிட்டாங்கங்கிறதை கவனிங்க, அவ்வளவு முதலீட்டுக்காரங்க பின்னாடி இருந்தும்.

நம்ம அளவுக்கு எட்டு பேரு, பரிசு 50,000, ஒவ்வொரு ஃபைட்டுக்கும் ஆளுக்கு 1,500. ஏழு ஃபைட்டு, 21,000, பரிசோட 71,000, மூணு ஷோல பிரிஞ்சு வருது. பெரிய தொகை கடைசி ஷோலதான் வெளிய போகும், அதுக்குள்ள ரெண்டு ஷோ வசூல் கைக்கு வந்திருக்கும், எவ்வளவுன்னு முதல் நாளே தெரியும். எனக்குப் பிடிச்சது இதுதான். தொல்லை என்னன்னா செமில அடிபட்டு ஒருத்தன் விலகினா மாத்து ஆளு வேணும், அதுக்கு ரெண்டு பேரை ரிசர்வ்ல வெச்சு ஒரு ஃபைட்டு கொடுத்தே ஆகணும், அப்புறம் யாருக்கும் பிடிக்காத, கட்டிப்பிடிச்சே பாயிண்ட்ல ஜெயிக்கிற ஒருத்தன் கப்பைத் தூக்கினா ஒண்ணும் பண்ண முடியாது.

உள்ளூர் பேரு, டிக்கெட்ல பங்கு

ஸ்ட்ரைக்ஃபோர்ஸ்னு ஒரு கம்பெனி 2006 மார்ச்ல கலிஃபோர்னியா சான் ஹோசேல முதல் எம்எம்ஏ ஷோ போட்டப்போ 18,265 பேர் வந்தாங்க, அப்ப வட அமெரிக்காவுலயே அது ரெக்கார்டு. மெயின் ஃபைட்டு ஃபிராங்க் ஷாம்ராக் எதிர் சீசர் கிரேசி, அதுக்குக் கீழ அந்த ஊர்லயே பேரெடுத்த கங் லீக்கு முதல் எம்எம்ஏ ஃபைட்டு. உலக ரேங்கிங்ல முதல் இடத்துல இருக்குறவனைத் தேடி ஓடல, அந்த ஊர்க்காரன் காசு கொடுத்துப் பாக்குற ஆளு யாருன்னு தெரிஞ்சு போட்டாங்க. கேம்லயும் ஏரியாவாரியா பாப்புலாரிட்டி தனித்தனியா காட்டினா, உலக ஸ்டாரை விட்டுட்டு அந்தக் கட்டத்தைப் பாருங்க, ரேங்கிங்ல எங்கயோ கிடக்குற ஒருத்தன் சொந்த ஊர்ல மட்டும் கொடிகட்டிப் பறப்பான், ரேட்டு மட்டும் ரேங்கிங் ரேட்டுதான் கேப்பான்.

அவனுக்கு அடிப்படை 5,000, டிக்கெட் வசூல்ல பத்து சதவீதம். 60,000 வந்தா 11,000 வாங்குவான், 30,000 வந்தா 8,000. வசூல் படுத்தா செலவும் கொஞ்சம் கூடவே படுக்கும், இந்த லிஸ்ட்ல அப்படி ஒரு குணம் இருக்குறது இது ஒண்ணுக்குத்தான்.

எத்தனை ஃபைட்டு, எவ்வளவு நாள்

ரேட்டை இழுத்துப் பிடிச்சுட்டு இங்க கோட்டை விடுறவங்க ஜாஸ்தி. "நாலு ஃபைட்டுக்கு சைன் பண்ணா ரேட்டு கம்மி"ன்னு 40 பேரை ஆளுக்கு நாலுன்னு போட்டா 160 இடம் வேணும். ஒரு ஷோல 20 இடம். எட்டு ஷோ. மாசம் ஒண்ணுன்னா எட்டு மாசம், காண்ட்ராக்ட் ஆறு மாசம்னா 40 இடம் கொடுக்கவே முடியாது, பையனுங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பாங்க, சில லீக் ரூல்ல ஆடாத ஃபைட்டுக்கும் காசு எண்ணி வைக்கணும். பாதிக் கார்டை ஒரே ஒரு ஃபைட்டு, வெளிலயும் ஆடிக்கலாம்ங்கிற டீல்ல நிரப்புறதே மேல், ஃபைட்டுக்கு 200, 300 கூடப் போனாலும் பரவால்ல.

ஆனா நெசமாவே வரப்போற ஆறேழு பேரை அப்படி விட்டுடாதீங்க. அவங்களுக்கு மூணு ஃபைட்டு, கூடவே சாம்பியன் ஆனா காண்ட்ராக்ட் தானா நீளுற ஷரத்து, அப்புறம் வேற கம்பெனி கூப்பிட்டா அதே ரேட்டைக் கொடுத்து நாமளே வெச்சுக்கற உரிமை. இந்தக் கடைசி உரிமையை மட்டும் பாத்து யூஸ் பண்ணுங்க. 2014ல யூஎஃப்சி ஃபைட்டர் கில்பர்ட் மெலெண்டெஸ்க்கு போட்டிக் கம்பெனி பெல்லேட்டர் பெரிய ஆஃபர் கொடுக்க, யூஎஃப்சி அதே ரேட்டைக் கொடுத்து வெச்சுக்கிச்சு. அவங்களால தாங்க முடிஞ்சுது. நம்ம சைஸ் கம்பெனிக்கு எதிராளி நெஞ்சை நிமித்தி ஒரு ஆஃபர் போட்டா விட்டுடறதுதான் புத்திசாலித்தனம், அவன் ரேட்டுக்கு நாம போனா நம்மகிட்ட இருக்குற மொத்த ஃபைட்டர்களும் அடுத்த பேச்சுல அதே ரேட்டைக் கேப்பாங்க.

என்னைக் கேட்டா முதல் வருஷத்துக்கு: மேல ஒரு உள்ளூர் ஆளு டிக்கெட் பங்குல ரெண்டு ஃபைட்டுக்கு, நடுவுல எட்டு பேர் டோர்னமென்ட், வரப்போற பசங்க ஆறு பேருக்கு மூணு ஃபைட்டு டீல், மிச்சமெல்லாம் ஒத்தை ஃபைட்டு. மாசச் சம்பளம் யாருக்கும் இல்ல. ஸ்டார் சும்மா நின்னா நிக்கட்டும், கையிருப்பு 8 லட்சம் தாண்டினப்புறம் பாத்துக்கலாம், அதுக்குள்ள அவனுக்கே ரெண்டு தோல்வி விழுந்து ரேட்டு இறங்கியிருக்கவும் சான்ஸ் இருக்கு.