ஐந்து குளிர்காலம் கண்ட கைநூல் ஸ்வெட்டர்

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழுப்பு ஸ்வெட்டர் தொங்கும். 2020 டிசம்பரில் பின்னி முடித்தது. மயிரை வாங்கி அலசியது, நூற்றது, சாயம் போட்டது, பின்னியது எல்லாம் நான்தான். என் வீட்டுக்காரர் அதை ஐந்து குளிர்காலம் போட்டுத் தீர்த்துவிட்டார். கையால் நூற்ற கம்பளி நீடிக்குமா, இலைச் சாயம் நிற்குமா என்று கேட்கிறவர்களுக்கு இப்போதுதான் தைரியமாகப் பதில் சொல்ல முடிகிறது. நீடிக்கும். ஆனால் நூலில் எவ்வளவு முறுக்கு ஏற்றினோம் என்பதைப் பொறுத்தது. இந்த ஐந்து வருடத்தில் நான் பின்னி வீணாய்ப்போனவற்றில் பெரும்பாலானவை முறுக்குக் கோளாறால் போனவை.

நம் ஊர்ச் செம்மறி எல்லாவற்றிலும் கம்பளி கிடைக்காது. மேச்சேரி ஆட்டுக்கு வெறும் முடிதான். கொடைக்கானலில் எங்களுக்கு வாய்த்தது மன்னவனூர். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் 1965 முதல் அங்கே இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகளைப் புல்வெளியில் பார்க்கலாம். வடநாட்டு ஆடுகளோடு ராம்பூலே, மெரினோ இனங்களைக் கலந்து உருவாக்கியது அது. அந்தப் பக்கம் ஆடு வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம்தான் நான் மயிர் வாங்குகிறேன். முதல் தடவை போனபோது கைக்கு வந்ததை எல்லாம் சாக்கில் திணித்தேன். அவர் பொறுக்கமாட்டாமல், “தாயி, பின்னந்தொடைப் பக்கத்து மயிரை விடுங்க. அது முரடு. தோள்பட்டை மயிரா பாத்து எடுங்க” என்று அவரே பிரித்துக் கொடுத்தார். இன்றுவரை அதுதான் எனக்கு முதல் பாடம்.

இரண்டு கிலோ வாங்கினால் அலசிக் காயவைத்த பிறகு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே மிஞ்சும். மீதி எல்லாம் ஆட்டின் கொழுப்பும் வியர்வையும் மண்ணும். கை பொறுக்காத சூட்டில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் வைத்து, மயிரை அமுக்கி ஊறவிட வேண்டும். அவ்வளவுதான், கசக்கக் கூடாது. சூடும் கசக்கலும் சேர்ந்தால் மயிர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கட்டிக் கம்பளமாகிவிடும். தண்ணீர் ஆறும்வரை விட்டாலும் தப்பு, உருகிய கொழுப்பு திரும்பப் படிந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலையைத் தொடவே தொடாதீர்கள். மூடுபனியில் நாலு நாள் ஆனாலும் காயாது, வாடை வந்துவிடும். மாசியில் செய்தால் ஒன்றரை நாள்.

சிக்கெடுக்க நாய்க்கு முடி வாரும் கம்பிப் பிரஷ் இரண்டு போதும். நான் இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

நூற்க ஆரம்பித்தது தக்கிளியில், கையால் சுழற்றி நூற்கும் கதிரில். என் அத்தை பள்ளிக்கூடத்தில் பருத்தி நூற்றவர், பெட்டிக்குள் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். ஆனால் அது பருத்திக்கானது, எடை குறைவு. கம்பளி இழை நீளமானது, அதற்குக் கொஞ்சம் கனமாகத் தொங்கும் தக்கிளி வேண்டும். தச்சரிடம் சொல்லி அடியில் பெரிய வட்டு வைத்துச் செய்துகொண்டேன். அது இன்றைக்கும் புதுசு மாதிரி இருக்கிறது, பழுது என்று ஒன்றும் வந்ததில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ராட்டை வாங்க அவசரப்படாதீர்கள். முறுக்கு என்றால் என்ன என்பதைத் தக்கிளிதான் விரலுக்குச் சொல்லித்தரும்.

நான் அதைக் கற்றுக்கொள்ளச் சிலகாலம் ஆனது. முதல் குல்லா தொட்டால் மேகம் போல மெத்தென்று இருந்தது. எல்லோரும் தொட்டுப் பார்த்து மெச்சினார்கள். ஒரே மாதத்தில் மேலெல்லாம் பிசிறு உருண்டு, காது மறைக்கும் இடம் தொங்கிப்போனது. அடுத்து ஒற்றைப்புரி நூலிலேயே, அதாவது ஒரே இழையாக நூற்றதிலேயே, ஒரு சால்வை பின்னினேன். அலசி விரித்தால் நேர்சதுரமாக இருக்க வேண்டியது ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஒற்றைப்புரியில் முறுக்கு ஒரே திசையில் இருக்கும், அது தளர இடம் தேடித் துணியையே இழுத்துவிடும். வலம் சுற்றி நூற்ற இரண்டு இழைகளைச் சேர்த்து இடம் சுற்றிப் புரியேற்றினால் ஒன்றின் இழுப்பை மற்றது பிடித்துக்கொள்ளும்.

இப்போது நான் ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு சோதனை செய்கிறேன். அப்போதுதான் நூற்ற இழையில் ஒரு சாண் எடுத்து, இரண்டு முனையையும் ஒன்றாகப் பிடித்து நடுவைத் தொங்கவிடுவேன். அது தானாகச் சுழன்று சுருண்டுகொள்ளும். அந்தச் சுருளைப் பார்த்தால் புரியேற்றிய நூல் எப்படி வரும் என்று தெரிந்துவிடும். சோம்பலாக ஒன்றிரண்டு சுற்று சுற்றி நின்றால் போதாது. அரிசி அரிசியாக நெருங்கி நிற்க வேண்டும். மெரினோ போன்ற மெல்லிய மயிருக்கு நாம் நினைப்பதைவிடக் கூடுதலாகவே முறுக்கு வேண்டும். நூற்கும்போது கயிறு மாதிரி விறைப்பாகத் தெரியும், பயப்பட வேண்டாம். சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் இளகிவிடும்.

ஸ்வெட்டருக்கு 450 கிராம், இருபுரி நூல். தக்கிளியிலேயே நூற்றதால் இரண்டரை மாதம் பிடித்தது. அப்புறம்தான் ஊரைவிட்டுப் போன ஒருவரிடம் பழைய மிதிராட்டை வாங்கினேன். வேகத்தில் சந்தேகமே இல்லை, மூன்று வாரத்தில் அதே வேலை முடிகிறது. ஆனால் இந்த ஊர் ஈரத்தோடு அதற்கு ஒத்துப்போகவில்லை. மழைக்காலத்தில் மரம் ஊதிக்கொண்டு, நூல் சேரும் பாபின் சுற்றமாட்டேன் என்கிறது. சக்கரத்தின் பருத்திக் கயிறு ஒரு நாள் இறுகுகிறது, ஒரு நாள் தளர்கிறது. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, கயிற்றைத் தினமும் சரிசெய்துதான் உட்கார வேண்டியிருக்கிறது.

இனி சாயம். 2020-லேயே ஓர் அட்டையில் எல்லா நிறத்திலும் துண்டு நூல் கட்டி ஜன்னல் ஓரம் வைத்தேன், பாதியைத் துணியால் மூடி. பீட்ரூட் முதல் அலசலிலேயே போயிற்று. சமையல் மஞ்சள் பிரமாதமாக ஏறியது, ஒரு மாதத்தில் வெளிறிவிட்டது. சின்ன வெங்காயத் தோல், சாயத்தைப் பிடிக்கவைக்கும் படிகாரத்தோடு சேர்த்தால், நல்ல பொன்னிறம். இப்போது கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனாலும் அழகுதான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கேட்டால் தோலைச் சும்மாவே தருவார்கள்.

அசையாமல் நிற்பவை இரண்டு. ஒன்று தைல மரத்து இலை. இதற்குப் படிகாரம்கூட வேண்டாம். காலடியில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கி வந்து, நூலின் எடையைப் போல நாலு மடங்கு போட்டு, கொதிக்கவிடாமல் சிறுதீயில் நாலு மணி நேரம் வைத்தேன். தேன் பழுப்பு வந்தது. ஸ்வெட்டரின் உடல் முழுக்க அந்த நிறம்தான். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று மஞ்சிட்டி. சோலைக்காட்டில் படர்கிற கொடிதான், ஆனால் காட்டிலிருந்து பிடுங்காமல் நாட்டுமருந்துக் கடையில் வேராக வாங்குங்கள். மழைத் தண்ணீரில் போட்டபோது ஏனோ வெளிர் ஆரஞ்சோடு நின்றது. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இல்லாததுதான் காரணம் என்று தெரிந்துகொண்டு, கால் தேக்கரண்டி சீமைச் சுண்ணாம்புப் பொடி போட்டேன். அரை மணியில் செங்கல் சிவப்பு எழும்பி வந்ததைப் பார்க்க வேண்டுமே! மணிக்கட்டுப் பட்டை இரண்டும் அந்தச் சிவப்பு.

அன்னபேதி என்ற இரும்பு உப்பை மட்டும் யோசித்துப் போடுங்கள். ஒரு சிட்டிகையில் பழுப்பை அழகான சாம்பல் பச்சையாக மாற்றும். நான் ஆசைப்பட்டு அதிகம் போட்டுக் கழுத்துப்பட்டைக்கு வைத்தேன். அந்த நூல் சொரசொரப்பானது, மூன்றாம் வருடம் முதலில் அறுந்ததும் அதுதான். பட்டையைப் பிரித்து வெங்காயத் தோல் நூலில் மறுபடி பின்னினேன். சாயம் போடும் அண்டாவில் சமைக்கவே கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

உடுத்துவதில் எப்படி? அதிகாலை மூடுபனியில் பால் வாங்கப் போகிறவருக்குத் தலையில் நீர் சொட்டும், ஸ்வெட்டருக்குள் குளிராது. கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட 30 சதவீத ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. கடையில் வாங்கிய செயற்கை உல்லன் ஸ்வெட்டர் எடை குறைவு, மெஷினில் துவைக்கலாம், அதை மறுக்கமாட்டேன். பனியில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் பத்து நிமிடத்தில் சில்லென்று இருக்கிறது.

பராமரிப்பு அதிகமில்லை. குளிர்காலத்தில் இரண்டு தடவை அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து, தரையில் விரித்துக் காயவைக்கிறேன். கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும். அந்துப்பூச்சிதான் எதிரி. ஒரு வருடம் வியர்வையோடு மடித்துவைத்த காலுறையை அது தின்றுவிட்டது. அன்றிலிருந்து அலசி, நல்ல வெயில் காட்டாமல் எதையும் பெட்டியில் வைப்பதில்லை.

போன தை மாதம் ஸ்வெட்டரின் வலது முழங்கை ஓட்டையாகிவிட்டது. அந்த இடத்து நூலைப் பிரித்துப் பார்த்தேன். இருபுரியில் ஒரு புரி மட்டும் முறுக்குக் குறைந்து இளகிக் கிடந்தது. எந்த வாரம் நூற்றது என்றுகூட நினைவு வந்தது, காய்ச்சலோடு உட்கார்ந்து நூற்ற சிட்டம். பெட்டியில் 2020-ல் மிஞ்சிய அதே தைல இலை நூல் ஓர் உருண்டை இருந்தது. அதை எடுத்துத் திரும்ப முறுக்கேற்றி, மூன்று புரியாகச் சேர்த்து முழங்கையை அடைத்தேன். வெயிலே படாமல் பெட்டிக்குள் இருந்த நூல் சற்றே கருப்பாக இருக்கிறது. “இருந்துட்டுப் போகட்டும், இந்தக் கை கொஞ்சம் கதகதன்னு இருக்கு” என்கிறார் அவர்.