வேட்டை உடுப்பு எண்டு 612 டொலரை விழுங்கின ஒன்லைன் கடை - கவனம்

ஒன்ராறியோவில மான் வேட்டைக்குப் போற எங்கட ஆக்கள் தயவுசெய்து வாசியுங்கோ. நேற்று இரவுதான் வேட்டைக் காம்பில இருந்து வந்தனான், இன்னும் கொதி அடங்கேல்ல, எழுத்துப்பிழை இருந்தா பாத்து வாசியுங்கோ. 612 டொலர். உடுப்புக்கு. ஒரு நாள் மழைக்குத் தாங்காத உடுப்புக்கு. மாறி மாறி அடிக்கிற வெதருக்கு என்ன மாதிரி உடுப்பு எடுக்கோணும் எண்டதையும் கடைசியில விவரமா எழுதுறன், முதல்ல நடந்ததைச் சொல்லி முடிக்கிறன்.

பாரி சவுண்ட் பக்கம் நவம்பர் துப்பாக்கிச் சீசனுக்குப் போறனாங்கள். அங்க போனவைக்குத் தெரியும், விடியக் காலமை மைனஸில நிக்கும், மத்தியானம் மழை, பின்னேரம் ஜோர்ஜியன் பே ஏரிப்பக்கம் இருந்து காத்துத் திரும்பினா ஈர ஸ்னோ. என்ர பழைய ஜக்கெற்றின்ர சிப் போயிட்டுது, புதுசா முழு செற்றே எடுப்பம் எண்டு பாத்துக்கொண்டிருக்கேக்க ஒரு விளம்பரம் வந்தது. கடையின்ர பேரை நான் இதில சொல்லேல்ல, சமூக வலைத்தளத்தில விளம்பரம் போட்டு வாட்ஸ்அப்பில ஓடர் எடுக்கிற வகைக் கடை, கனடாவிலேயே வெயார்ஹவுஸ் இருக்கு எண்டு பெரிய எழுத்தில போட்டிருந்தவை. மெசேஜ் போட்டா பதில் தமிழில வருது!

இந்த இடத்தைக் கவனமா வாசியுங்கோ, ஏனெண்டா நான் நம்பினது இதிலதான். பதில் போட்ட கடைக்காரன் சைஸ் கேக்கேல்ல, கலர் கேக்கேல்ல. முதல் கேள்வியே, "அண்ணை, நீங்கள் மரத்தில ஏறி இருந்து சுடுறனீங்களோ, இல்லாட்டி நடந்து கலைக்கிறனீங்களோ?" எண்டுதான் கேட்டவன். வேட்டை தெரிஞ்சவன்தான் உதைக் கேப்பான். ட்ரீ ஸ்ராண்டில, அதாவது மரத்தில கட்டின இருக்கையில, அசையாம இருக்கிறவனுக்கு உடம்பு சூடு பிடிக்காது, மொத்தமா உடுக்கோணும். நடந்து கலைக்கிறவனுக்கு வேர்க்கும், வேர்த்துப்போட்டு நிண்டா அந்த வேர்வையே குளிர்ந்து ஆளை விறைக்க வைக்கும், அவனுக்கு மெல்லிசா, கழட்டிக் கழட்டிப் போடுற மாதிரி வேணும். உதெல்லாத்தையும் அவனே எனக்கு விளங்கப்படுத்தினவன். தோலோட ஒட்டி மெரினோ வூல், அதுக்கு மேல பிளீஸ் எண்ட மெத்தெண்ட சூட்டுத் துணி, எல்லாத்துக்கும் மேல தண்ணி உள்ள விடாத ஜக்கெற்றும் நெஞ்சு வரைக்கும் வாற பிப் பான்ற்ஸும். கொட்டன் பக்கமே போகாதேங்கோ அண்ணை, நனைஞ்சா காயாது எண்டும் சொன்னவன். சொன்னதில ஒரு சொல்லுப் பிழையில்லை, எனக்கு வயிறு எரியிறதே அதாலதான், ஒண்டும் தெரியாத ஒருத்தன் குப்பையை வித்தா அது வேற, இவன் எது நல்ல உடுப்பு எண்டு முழுசாத் தெரிஞ்சுகொண்டே குப்பையை அனுப்பினவன்.

பேந்து ஒரு வீடியோ அனுப்பினான். குசினிச் சிங்கில ஜக்கெற்றின்ர கையைப் பிடிச்சு மேல தண்ணி ஊத்துறான், தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுது. இப்ப விளங்குது, எந்த மலிவுத் துணிக்கும் தண்ணி ஒட்டாத மருந்து அடிச்சா அப்பிடித்தான் ஓடும், தையலுக்குள்ளால தண்ணி போகுதோ இல்லையோ எண்டதை அந்த வீடியோ காட்டாது.

செற் 680 டொலர். காட் மெஷினில இண்டைக்கு ஏதோ பிரச்சினை அண்ணை, ஈ-ட்ரான்ஸ்பர் பண்ணினா 10 வீதம் கழிச்சு 612க்குத் தாறன் எண்டான். அனுப்பி ஒரு நிமிசத்தில காசு போய் விழுந்திட்டுது, ஓட்டோ டெபொசிற், அதாவது தானா அவையின்ர எக்கவுண்டில விழுற மாதிரி வச்சிருந்தவை. பாங்கில கேட்டா, நீங்கள்தானே அனுப்பினீங்கள், அவையின்ர எக்கவுண்டில விழுந்த காசைத் திருப்ப ஏலாது எண்டு முடிச்சிட்டினம். கிரெடிட் காட் எண்டா டிஸ்பியூற் போடலாம், இதுக்கு ஒண்டுமில்லை.

பார்சல் வந்தது நாங்கள் வெளிக்கிட முதல் நாள் இரவு. பிரிச்ச உடன பெயின்ற் மாதிரி ஒரு மணம். லேபிளைத் தேடினன், கழுத்தடியில வெட்டியெடுத்த நூல் துண்டு மட்டும் தொங்குது. இஞ்ச சட்டப்படி உடுப்பில எந்த நூல் எத்தனை வீதம் எண்டு இங்கிலீசிலயும் பிரெஞ்சிலயும் இருக்கோணும், விக்கிறவரின்ர பேர் விலாசம் இல்லாட்டி அவரை அடையாளம் காட்டுற சி.ஏ. நம்பராவது இருக்கோணும். ஒண்டும் இல்லை. உடன மெசேஜ் போட்டன், "சாம்பிள் பீஸ் அண்ணை, சாமான் அதேதான்" எண்டு பதில்.

காம்பில இருக்கிற மூத்தவர், வெள்ளைக்காரர், ஜக்கெற்றை ஒருக்காப் பாத்திட்டு உதோட காட்டுக்குள்ள இறங்காதே எண்டிட்டார். ஒரேஞ்ச்தான், ஆனா அதுக்கு மேல கறுப்பில மரக்கொப்பு இலை பிரிண்ட் பண்ணிக் கிடக்கு. ஒன்ராறியோ சட்டம் மான் துப்பாக்கிச் சீசனில இடுப்புக்கு மேல குறைஞ்சது 400 சதுர அங்குலம் வேட்டை ஒரேஞ்ச், எல்லாப் பக்கத்தாலயும் தெரியோணும், தொப்பியும் ஒரேஞ்ச். கமோ பிரிண்ட் பண்ணின ஒரேஞ்சும் வலைத்துணியும் அந்த 400க்குள்ள கணக்கில்லை. கடைக்காரன் "ஒன்ராறியோ லீகல் அண்ணை" எண்டு எழுதின மெசேஜ் இன்னும் என்ர போனில கிடக்கு. திரும்ப ரவுணுக்கு ஓடி பெற்றோல் செற்றோட இருக்கிற கடையில வெஸ்ரும் தொப்பியும் வாங்கினன், அது வேற காசு. (மானுக்கு எங்களைப்போல ஒரேஞ்ச் தெரியாது, நீலம்தான் நல்லாத் தெரியும், அதால ஒரேஞ்ச் போட்டா மான் ஓடிப்போடும் எண்டு ஆரும் சொன்னா கேக்காதேங்கோ, அது மற்ற வேட்டைக்காரன் உங்களைச் சுடாம இருக்க.)

அடுத்த நாள் நான் மரத்தில ஏறி இருக்கேக்க பத்து மணி போல மழை துவங்கினது. வெப்பம் பிளஸ் 3, பெரிய குளிர் இல்லை. ஆனா கொஞ்ச நேரத்தில ரெண்டு தோள்மூட்டாலயும் தண்ணி இறங்கி முதுகு நனைஞ்சு, "மெரினோ" உடம்போட ஒட்டிச்சுது. பிப் பான்ற்ஸ் ஒவ்வொரு அசைவுக்கும் சரக் சரக் எண்டு சிப்ஸ் பையைக் கசக்கின மாதிரிச் சத்தம், மான் ஏன் வருது. மத்தியானத்துக்குள்ள நடுக்கம் நிக்கேல்ல. இறங்குறதுக்கு முன்னம் தோட்டாவைக் கழட்டிப்போட்டு துவக்கைக் கயித்தில கட்டி இறக்கோணும், அந்தத் தோட்டாவைக் கழட்ட விரல் வளையுதில்லை. சுழியத்துக்கு மேலயும் நனைஞ்சு காத்துப் பட்டா ஆள் விறைச்சுப் போவான், மைனஸ் 20 தேவையில்லை. காட்டுக்குள்ள தனிய நிக்கேக்க அது எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ, 612 டொலர் குடுத்த உடுப்போட.

காம்பில அடுப்படியில ஜக்கெற்றை உட்புறமாப் பிரட்டிப் பாத்தம். உண்மையான வோட்டர்புரூவ் எண்டா தையலுக்கு உள்பக்கத்தால ரேப் ஒட்டி அழுத்தியிருக்கும். இதில மினுக்குப் பிளாஸ்ரிக் பட்டி ஒண்டு, நகத்தால தட்டினன், முழங்கை வரைக்கும் ஒரே இழுவையில உரிஞ்சு வந்திட்டுது. கீழ ஊசி போன ஓட்டை வரிசையா, லைட்டுக்கு முன்னால பிடிச்சா வெளிச்சம் தெரியுது. மூத்தவர் உள்சேட்டில ஒரு நூலை இழுத்து லைற்றரைப் பிடிச்சார். வூல் எண்டா தலைமயிர் கருகின மணம் வரும், நெருப்பு தானா அணைஞ்சு, சாம்பல் விரலில பொடியும். இது உருகிச் சொட்டி கறுப்பா கல்லு மாதிரி ஒரு குண்டு மணியா இறுகிப்போச்சு. வூலே இல்லை, செயற்கை நூல்.

சரி, போன் சிக்னல் கிடைச்ச உடன எல்லாப் படமும் அனுப்பினன். அவன்ர பதில் என்ன தெரியுமோ? "அண்ணை, உது மழைத் தண்ணி இல்லை, உங்கட வேர்வை. நீங்கள் கூட உடுத்திட்டியள்." மரத்தில அசையாம இருந்தவனுக்கு! தோள்மூட்டில மட்டும் வேர்க்குமோ எனக்கு? தையல் உரிஞ்ச படத்துக்கு, "நீங்கள் ட்ரையரில போட்டிருப்பியள்". காம்பில எங்க ட்ரையர். பேந்து மனேஜரிட்ட கதைச்சிட்டுச் சொல்லுறன் எண்டான். பேந்து 60 டொலர் திருப்பித் தாறன், விசயத்தை முடிப்பம் எண்டான். 612 குடுத்தவனுக்கு 60! முழுக்காசும் வேணும் எண்டு சொன்ன உடன, சரி சாமானைத் திருப்பி அனுப்புங்கோ, சீனாவில ஒரு விலாசம், தபால் செலவு உங்கட. கனடா வெயார்ஹவுஸ் எங்க மோனே எண்டு கேட்டன், வாசிச்சதுக்கு நீலச் சரி மட்டும் விழுந்தது. இரவு பாத்தா புரொபைல் படம் இல்லை, புளொக். அவையின்ர பக்கத்தில மிசிசாகா விலாசம் ஒண்டு கிடந்தது, வாற வழியில போய்ப் பாத்தன், தபால் பெட்டி வாடகைக்குக் குடுக்கிற கடை. உள்ளுக்க நிண்ட பொடியன் பாவம், என்னைப் போல இன்னும் ஆக்கள் வந்து கேட்டவை எண்டான்.

பொலிசுக்கும் மோசடித் தடுப்பு மையத்துக்கும் ரிப்போட் குடுத்திருக்கு. 612 வரும் எண்ட நம்பிக்கை இல்லை.

விவரமா எழுதுறன் எண்டனான், நைட் ஷிப்ற் கிடக்கு, சுருக்கமாச் சொல்லுறன். முன்பின் தெரியாத கடைக்கு ஈ-ட்ரான்ஸ்பர் பண்ணாதேங்கோ, எவ்வளவு கழிவு தந்தாலும். ஜக்கெற்றை உட்புறம் பிரட்டித் தையலைப் பாக்காம வாங்காதேங்கோ, லேபிள் இல்லாட்டி விட்டிட்டு வாங்கோ. துணியைக் காதுக்குக் கிட்டப் பிடிச்சு உரசிப் பாருங்கோ. ஜீன்ஸ், கொட்டன் மேஸ் வேண்டாம். பையில ஒரு உலர்ந்த வூல் சேட் எப்பவும் பொலித்தீனில சுத்தி வச்சிருங்கோ, என்னை அண்டைக்குக் காப்பாத்தினது மூத்தவரின்ர பழைய வூல் சேட்தான். அந்த வாட்ஸ்அப் நம்பரிலயோ வேற நம்பரிலயோ ஆரும் "அண்ணை, மரத்தில ஏறி இருக்கிறனீங்களோ" எண்டு கேட்டா ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு அனுப்புங்கோ, ரிப்போட்டோட சேர்க்கோணும்.