சோக் விட்டால் நின்றுபோகும் எஞ்சினுக்கு குருநகரில் ஒரு கடை

விடியப்புறம் கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்ற பிறகுதான் எங்கள் படகின் 15 குதிரைவலு யமஹா எஞ்சின் உயிர் பிடிக்கும். சோக் (காற்றைக் குறைத்து எரிபொருள் எண்ணெயின் பங்கைக் கூட்டும் இழுப்பான்) இழுத்திருக்கும்வரை ஓடும், விட்டால் நின்றுவிடும். முதலில் காட்டிய இடத்தில் பிளக்கை மட்டும் மாற்றிக் காசு வாங்கினார்கள்.

யாழ்ப்பாணம் குருநகர் கரைப்பக்கம் உள்ள தகரக் கொட்டில்கார அண்ணை வேறு ரகம். “சோக் விட்டால் நிக்குதெண்டால் எண்ணெய் காணேல்லை, பைலட் ஜெட்டைப் பாப்பம்” என்றார். எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் விடும் சிறுதுளைதான் அது. எண்ணெயையும் காற்றையும் கலக்கும் காபரேற்றரின் அடிக்கிண்ணத்தைக் கழற்ற, தண்ணீர் முத்துமுத்தாகக் கிடந்தது. சுற்றிவர மஞ்சள் பிசின். ஜெட்டை வெளிச்சத்துக்குப் பிடித்தால் துளையே தெரியவில்லை. கம்பியால் குத்தவில்லை, துளை பெருத்துவிடுமாம். கிளீனர் அடித்துக் காற்று விட்டார். எண்ணெய்க் குழாயின் கைப்பம்ப் வெடித்திருந்ததையும் அவரே கண்டுபிடித்தார்.

மண்ணெண்ணெயில் ஓடுகிறவர்கள் கரை தட்டுமுன் பெற்றோலுக்கு மாற்றிவிட்டு நிறுத்த வேண்டும், காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கினால் காலையில் பற்றாது என்றும் சொன்னார்.

கூலி நியாயம். ரசீது கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான். பின்னேரம் போகாதீர்கள், அப்போதுதான் எல்லா எஞ்சினும் அங்கே வந்து படுத்திருக்கும்.