ப்ளூடூத் டேக் ரிவ்யூ: புள்ளிய அப்புறம் பாருங்க, மொதல்ல நேரத்தப் பாருங்க

சாவி, பை, சூட்கேஸ்னு எல்லாத்துலயும் மாட்டி விடுறோமே, அந்த பட்டன் சைஸ் ப்ளூடூத் டேக் பத்தின ரிவ்யூ இது. நான் வச்சிருக்கறது ஒரு சின்ன கம்பெனியோடது, பேர் வேணாம், ஏன்னா நான் சொல்லப் போற குறை முக்கால்வாசி இந்த வகை டேக் எல்லாத்துக்குமே பொருந்தும். வீட்ல ஆன்ட்ராய்டு, ஐபோன் ரெண்டும் இருக்கறதால ரெண்டுலயும் போட்டுப் பாத்தாச்சு. மார்க் இப்பவே சொல்லிடறேன், முழுசா படிக்கப் பொறுமை இல்லாதவங்க இதோட கெளம்பலாம்: சாவிக்கு அஞ்சுக்கு நாலரை, சூட்கேஸுக்கு நாலு, வண்டிக்கு ரெண்டு, நாய் பூனைக்கும் மனுஷங்களுக்கும்னா வாங்கவே வாங்காதீங்க.

ஆன்லைன்ல விக்கற நெறைய டேக் டப்பா மேல பெருசா "ஜிபிஎஸ்"னு போட்டிருப்பாங்க, உள்ள ஜிபிஎஸ் இருக்காது. ஜிபிஎஸ்னா சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்தற சாட்டிலைட்டோட சிக்னல வாங்கி தான் எங்க இருக்கோம்னு கணக்குப் போடற விஷயம், அப்படி போட்ட கணக்க உங்களுக்கு அனுப்பறதுக்கு தனியா சிம் வேணும், அந்த சிம்முக்கு மாசாமாசம் பணம் கட்டணும், அடிக்கடி சார்ஜும் போடணும். ஒரு வருஷம் ஒரே பட்டன் பேட்டரில ஓடற டேக்கால அதெல்லாம் முடியாது. இது பண்றதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான், "நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்"னு ப்ளூடூத்துல முனகிக்கிட்டே இருக்கும். பக்கத்துல போற யாரோ ஒருத்தரோட போன் அந்த முனகலக் கேட்டு, தன்னோட லொக்கேஷன என்க்ரிப்ட் பண்ணி சர்வருக்கு அனுப்பும், உங்க போன் அத எடுத்துத் திறந்து மேப்ல காட்டும். அந்த யாரோ ஒருத்தருக்கு இது நடந்ததே தெரியாது, சர்வர் வச்சிருக்கறவங்களாலயும் உள்ள பாக்க முடியாத மாதிரிதான் ஆப்பிளும் கூகுளும் இத செஞ்சிருக்காங்க. ஐடியா பிரமாதம், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

ஆனா இதுல ஒரு விஷயத்த யாரும் பெருசா கவனிக்கறதில்ல. மேப்ல தெரியற புள்ளி டேக் இருக்கற எடம் இல்ல, டேக்கோட சத்தத்தக் கேட்ட போன் அந்த நேரத்துல நின்ன எடம். பஸ்ல போறவரோட போன் கேட்டிருந்தா புள்ளி நடு ரோட்டுல விழும், உங்க பை ஓரத்துக் கட்டடத்துக்குள்ள இருக்கும். அவர் போனதுக்கப்புறம் அந்தப் பக்கம் யாருமே வரலன்னா புள்ளி அப்படியே நிக்கும், பை வேற ஊருக்கே போயிருந்தாலும்.

அதனால ஆப்பத் தொறந்ததும் கண்ணு போக வேண்டியது புள்ளிக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கற நேரத்து மேல. "இப்போ"ன்னு இருந்தா கெளம்பிப் போங்க, "3 மணி நேரத்துக்கு முன்"னு இருந்தா உக்காந்து யோசிங்க. காட்டுல மிருகத்தோட தடம் பாத்துப் போறவங்க தடத்தோட பழசத்தான் உத்துப் பாப்பாங்க, ஓரம் இன்னும் கூரா இருக்கா, காத்துல மண்ணு சரிஞ்சிருச்சா, உள்ள சருகு விழுந்திருக்கா, மழைக்கு முன்னாடி பட்டதா பின்னாடி பட்டதான்னு. தடத்தப் பாத்துட்டு மிருகம் அங்கயே நிக்குதுன்னு எவனும் நெனைக்க மாட்டான். நாமதான் நீலப் புள்ளியப் பாத்ததும் பொருளே கெடச்ச மாதிரி குதிக்கறோம்.

இதுக்கு சினிமாவும் ஒரு காரணம்னு எனக்குத் தோணுது. எந்தப் போலீஸ் படத்தப் பாத்தாலும் ஒரு இருட்டு ரூம், பெரிய ஸ்க்ரீன், ஒரு செவப்புப் புள்ளி தெருத் தெருவா வழுக்கிக்கிட்டே போகும், "சார் லெஃப்ட் எடுக்கறான் சார்"னு ஒருத்தர் கத்துவாரு. இன்னொண்ணு, "இன்னும் கொஞ்ச நேரம் பேச வைங்க, ட்ரேஸ் பண்ணிடலாம்"னு ஹீரோயின் கையில போனக் குடுத்து எல்லாரும் வேர்த்து நிக்கற சீன். அது பழைய மெக்கானிக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் காலத்து வேல, ஸ்விட்ச் ஸ்விட்ச்சா பின்னாடி தேடிப் போகணும், அதான் நேரம் புடிச்சது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுல எந்த நம்பர்லேர்ந்து கால் வருதுங்கறது வரும்போதே பதிவாயிடும். எக்ஸ்சேஞ்ச் மாறி எத்தனையோ வருஷம் ஆச்சு, சீன் மட்டும் மாறல, சரி டென்ஷனுக்கு வேற என்னதான் பண்ணுவாங்க பாவம்.

எனக்கு இந்த விஷயத்துல நம்ம பழைய ஒட்டகக் கதைதான் ரொம்பப் பிடிக்கும். நாலு பேர் வழியில போயிட்டு இருப்பாங்க, ஒட்டகத்தத் தொலைச்சவன் ஒருத்தன் எதிர்ல வருவான், இவங்க "நொண்டியா? ஒரு கண்ணு தெரியாதா?"ன்னு அடுக்குவாங்க, ஒரு கால்தடம் லேசா விழுந்திருந்ததும், பாதையில ஒரு பக்கத்துச் செடிய மட்டும் மேஞ்சிருந்ததும்தான் சாட்சி. இத்தன சொல்றாங்களேன்னு ஒட்டகக்காரன் இவங்களத் திருடனுங்கன்னு ராஜா முன்னாடி கொண்டு போய் நிறுத்திடுவான். நல்லா கவனிச்சா அந்த நாலு பேருக்கும் ஒட்டகத்தப் பத்தி எல்லாம் தெரியும், இப்ப அது எங்க நிக்குதுங்கறத தவிர. இந்த டேக்கும் அச்சு அசல் அதே நெலமதான். இன்னும் ஒண்ணு, தடத்த அதிகமா படிக்கத் தெரிஞ்சவன் மேலதான் சந்தேகம் வரும், அதுவும் இந்த டேக்குக்கு அப்படியே பொருந்துது, அதுக்குக் கீழ வரேன்.

சரி, உபயோகத்துக்கு வருவோம். சாவிக்கு இது அருமை. ஏன்னா சாவி எப்பவும் வீட்டுக்குள்ளதான் தொலையும், நம்ம போனே அதுக்குப் பக்கத்துல இருக்கும், அடுத்தவன் போன் தயவே வேணாம், பட்டன அழுத்தினா கீச்சுன்னு கத்தும். குறைன்னா என்னோடதுல சத்தம் ரொம்பக் கம்மி, சோபா மெத்தைக்கு நடுவுல போயிட்டா காதத் தீட்டிக்கிட்டு வீட்டச் சுத்தணும். அல்ட்ரா வைட்பேண்ட் சிப் இருக்கற டேக்னா, போனும் அத சப்போர்ட் பண்ணா, அம்புக்குறி காட்டி இத்தன மீட்டர்னு கூட்டிட்டுப் போகும். 2021 ஏப்ரல்ல வந்த ஆப்பிளோட ஏர்டேக்லயே அது இருக்கு. ஆனா அந்த ஏர்டேக்ல சாவி வளையத்துல மாட்ட ஒரு ஓட்டை கூட கெடையாது, அதுக்குன்னு தனியா ஹோல்டர் வாங்கணும், இத டிசைன்னு சொல்றதா வியாபாரம்னு சொல்றதா தெரியல.

சூட்கேஸ்லதான் இதோட நெஜமான மதிப்பு தெரிஞ்சுது. ஒரு தடவ நான் எறங்கின ஏர்போர்ட்ல பெல்ட்டு காலியாகி நின்னே போச்சு, என் பெட்டி வரல. கவுன்டர்ல "அடுத்த ட்ராலில வரும், வெயிட் பண்ணுங்க"ன்னாங்க. ஆப்ல பாத்தா பெட்டி நான் ஏறின ஊர்லயே இருக்கு, நேரமும் "இப்போ"ன்னு காட்டுது, ஏர்போர்ட்ல ஆயிரக்கணக்கான போன் நடமாடறதால அப்டேட் வந்துகிட்டே இருக்கும். போனக் காட்டினதும் பேச்சு மாறிடுச்சு, ஃபார்ம் நிரப்பி வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு பண்ணாங்க. டேக் பெட்டியக் கொண்டு வரல, வெயிட் பண்றத மிச்சம் பண்ணுச்சு, எனக்கு அது போதும். 2022 அக்டோபர்ல ஜெர்மனியோட லுஃப்தான்சா ஏர்லைன் செக்-இன் பெட்டில ஏர்டேக் ஆன்ல இருக்கக் கூடாதுன்னு சொல்லி, சில நாள்லயே அந்த நாட்டு விமானத் துறை ஆபத்தில்லன்னு சொன்னதும் பின்வாங்கிடுச்சு, அதனால தைரியமா போடலாம். 2024 கடைசில ஐஓஎஸ் 18.2 வந்ததுலேர்ந்து ஐபோன்காரங்க லொக்கேஷன ஒரு லிங்க்கா ஏர்லைனுக்கே அனுப்பலாம், பொருள் கெடச்சதும் அதுவா நின்னுடும், இல்லன்னா 7 நாள்ல காலாவதி.

கூரியர் ட்ராக்கிங் பாத்துப் பழகினவங்களுக்கு இந்த டேக் சட்டுனு புரியும். பார்சல் எங்க இருக்குன்னு அதுல தெரியறதே இல்ல, எங்க கடைசியா பார்கோட ஸ்கேன் பண்ணாங்கன்னுதான் தெரியும். ரெண்டு ஸ்கேனுக்கு நடுவுல பார்சல் லாரில தூங்குதா மழைல நனையுதான்னு நாமளே ஒரு கதை கட்டிக்கறோம், "ஏன் ரெண்டு நாளா ஒரே எடத்துல நிக்குது"ன்னு கஸ்டமர் கேர்கிட்ட சண்டை போடறோம்.

வண்டிக்கு ஏன் ரெண்டே மார்க்னா, வண்டி காணாமப் போறது பெரும்பாலும் திருட்டுல, இது திருட்டுக்கானது இல்ல. இங்கதான் விஷயம் சிக்கலாகுது. அடுத்தவங்க பைல, கார்ல தெரியாம டேக்கப் போட்டு பின்தொடர்றது ஏர்டேக் வந்த கொஞ்ச நாள்லயே ஆரம்பிச்சாச்சு. ஓனர்கிட்டேருந்து பிரிஞ்ச டேக் தானா சத்தம் போட ஆரம்பத்துல 3 நாள் எடுக்கும், 2021 ஜூன்லயே அத 8லேர்ந்து 24 மணி நேரத்துக்குள்ள ஏதோ ஒரு நேரம்னு மாத்தினாங்க. ஐபோன் வச்சிருக்கறவங்களுக்கு "உங்க கூட ஒரு டேக் வருது"ன்னு அலர்ட் வரும், ஆன்ட்ராய்டுக்காரங்களுக்கு 2021 டிசம்பர்ல ஒரு ஆப் விட்டாங்க, அதையும் நாமளே டவுன்லோட் பண்ணி, நாமளே தொறந்து ஸ்கேன் பண்ண வேண்டியிருந்துச்சு, சந்தேகமே வராதவங்க எதுக்கு ஸ்கேன் பண்ணப் போறாங்க? ஆப்பிளும் கூகுளும் சேந்து ஒரு பொது முறை கொண்டு வந்து, ரெண்டு வகை போன்லயும் தானா அலர்ட் வர்ற மாதிரி செய்ய 2024 மே ஆயிடுச்சு. நடுவுல சத்தமே வராத மாதிரி டேக்கோட ஸ்பீக்கரப் புடுங்கிட்டு விக்கற ஆளுங்க வேற.

இந்த அலர்ட் திருடனுக்கும் வரும்ங்கறதுதான் இதோட இன்னொரு பக்கம். வண்டியத் தூக்கிட்டுப் போனவன் போன்ல "உங்க பக்கத்துல டேக் இருக்கு"ன்னு வந்தா அவன் தேடிக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவான். இதே மாதிரி டேக் விக்கற டைல் கம்பெனி 2023ல இதுக்கு ஒரு வழி பண்ணாங்க, டேக்க ஸ்கேன்ல மாட்டாம மறைச்சுக்கலாம், ஆனா அரசாங்க அடையாள அட்டை குடுக்கணும், யாரையாவது பின்தொடர்ந்து கோர்ட்ல நிரூபணம் ஆனா பத்து லட்சம் டாலர் அபராதம்னு ஒத்துக்கணும். படிக்க மெரட்டலா இருக்கு, பாதிக்கப்பட்டவங்களுக்கு அலர்ட்டே வராதப்ப அவங்க எப்படி கோர்ட்டு வரைக்கும் போவாங்கன்னு எனக்குப் புரியல. திருடனுக்குத் தெரியாம இருக்கணும், பாதிக்கப்படறவங்களுக்குத் தெரியணும்னா, ரெண்டு பேர்ல யாரு யாருன்னு அந்த பட்டனுக்கு எப்படித் தெரியும்? ரெண்டுல ஒண்ண விட்டுக் குடுக்கணும்னா திருட்ட விட்டுக் குடுத்ததுதான் சரின்னு நான் சொல்வேன், வண்டி போனா வேற வண்டி வாங்கிக்கலாம்.

கொழந்தைங்க பைல போட்டா நிம்மதியா இருக்கும்னு கேக்கறவங்களுக்கு: கொழந்தை நகந்துகிட்டே இருக்கும், புள்ளி விட்டு விட்டுத்தான் வரும், நடுவுல இருக்கற இடைவெளில உங்க மனசு கட்டற கதை இருக்கே, அது டேக் இல்லாம இருந்தப்ப இருந்த பயத்த விட மோசம். பொருளுக்குத்தான் இது, ஆளுக்கும் பிராணிக்கும் இல்லன்னு ஆப்பிளே சொல்லியிருக்கு.

கூகுள் நெட்வொர்க்ல ஓடற டேக் வாங்கினவங்க கட்டாயம் ஒரு செட்டிங் பாக்கணும். 2024 ஏப்ரல்ல அந்த நெட்வொர்க் வந்தப்பலேருந்து, பல போன் ஒண்ணா கேட்டாதான் லொக்கேஷன் காட்டற மாதிரிதான் வச்சிருக்காங்க, ஒத்தப் போன வச்சு யாரையும் காட்டிக் குடுக்கக் கூடாதுங்கற எண்ணம், அது நல்லதுதான், ஆனா கூட்டம் இல்லாத தெருவுல உங்க டேக் ஊமை. செட்டிங்ஸ்ல ஆஃப்லைன் டிவைஸ் தேடற எடத்துல "எல்லா இடத்துலயும்"னு மாத்தினா உங்க போன் ஒத்தையாவும் மத்தவங்க டேக்குக்கு உதவும். அவங்களும் மாத்தினாதான் உங்களுக்கு உதவும், அதனால இது ஊரே சேந்து இழுக்கற தேர்.

பேட்டரி சிஆர்2032, சுமார் ஒரு வருஷம் வரும், நாமளே மாத்திக்கலாம். கொழந்தைங்க முழுங்காம இருக்க கசப்புப் பூச்சு தடவின பேட்டரி சில டேக்ல வேலை செய்யாது, புது பேட்டரி போட்டும் உயிர் வரலன்னா அதான் காரணமா இருக்கும். அதுக்காக மாத்தின பழச மேஜை மேல விட்டு வைக்காதீங்க, கொழந்தை முழுங்கினா ரெண்டு மணி நேரத்துலயே உணவுக்குழாய் வெந்து போற அளவுக்கு ஆபத்து, கசப்பு தடவறதே அதனாலதான். என் டேக்கோட மூடி நகத்தால நெம்பினாலே தொறக்குது, கொழந்தை இருக்கற வீட்டுக்கு இந்த மாடல் வேணாம்னு சொல்ல இந்த ஒரு காரணம் போதும்.

பழைய டேக்க யாருக்காவது குடுக்கறதா இருந்தா மொதல்ல உங்க அக்கவுன்ட்லேர்ந்து ரிமூவ் பண்ணிடுங்க, இல்லன்னா அவங்களால அவங்க போன்ல சேக்க முடியாது, அவங்க சாவி போற எடமெல்லாம் உங்க ஆப்ல வந்துகிட்டே இருக்கும்.